மீன் சாப்பிட்டதும் முகம் சிவக்குதா? அலர்ஜின்னு முடிவு பண்ணும் முன் ஹென்றி டேலின் கதையைப் படிங்க!

புதுக்கோட்டை மாவட்டம் ஜெகதாப்பட்டினம் மாதிரியான மீன்பிடி ஊர்களில் மீனுக்கு அடுத்து முக்கியமான பொருள் ஐஸ். நாற்றம் வராமல் இருக்க மட்டுமா அது? இல்லை. சூரை, காணாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் குளிரூட்டாமல் சில மணி நேரம் கிடந்தால், பாக்டீரியாக்கள் சதையில் இருக்கும் ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலேயோ, ஓரிரு மணி நேரத்துக்குள்ளோ முகமும் கழுத்தும் குப்பென்று சிவந்து எரியும். தலைவலி, படபடப்பு, வயிற்றுப்போக்கும் வரலாம்.

இந்த ஹிஸ்டமின் உடம்பில் என்ன செய்கிறது என்று காட்டியவர்தான் ஹென்றி டேல்.

யார் இவர்?

1875 ஜூன் 9-ல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தார். 1904-ல் கல்யாணம் ஆன கையோடு, நண்பர்கள் வேண்டாம் என்று தடுத்தும், மருந்து வியாபாரி ஹென்றி வெல்கமின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எர்காட் பூஞ்சையை ஆராயச் சொன்னார் வெல்கம். நம்மூர் கம்புப் பயிரில் வரும் தேன் ஒழுகல் நோயின் சொந்தக்கார பூஞ்சைதான் அது. பிரசவ ரத்தப்போக்கை நிறுத்த அப்போது மருந்தாகப் பயன்பட்டது.

அந்தப் பூஞ்சைச் சாறிலிருந்துதான் ஹிஸ்டமின் டேல் கைக்கு வந்தது. 1910-ல் லெய்ட்லாவுடன் சேர்ந்து அதன் வேலையை விவரித்தார். ரத்தக் குழாய்கள் விரிகின்றன, ரத்த அழுத்தம் சரிகிறது, மூச்சுக்குழாய் இறுகுகிறது. 1927-ல் இன்னொரு திருப்பம்: நல்ல கல்லீரலிலும் நுரையீரலிலும்கூட ஹிஸ்டமின் இருப்பதை அவரது குழு நிரூபித்தது. அதாவது, இது நம் உடம்பே வைத்திருக்கும் சரக்கு!

குழப்பமும் இங்கேதான். அலர்ஜியில் உடம்பு ஹிஸ்டமினைக் கொட்டுகிறது. கெட்ட மீனில் அது வெளியிலிருந்து வருகிறது. முகம் சிவப்பது இரண்டிலும் ஒரே மாதிரி. மாநிறம், கருநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சூடும் எரிச்சலும்தான் முதலில் தெரியும்.

டேலுக்கு 1936-ல் நோபல் கிடைத்தது. ஆனால் ஹிஸ்டமினுக்காக அல்ல, நரம்புகள் ரசாயனம் மூலம் சேதி கடத்துவதைக் கண்டதற்காக, ஓட்டோ லோவியோடு சேர்த்து. 1968-ல், 93 வயதில் காலமானார்.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

இதே மீனை முன்பு பிரச்சினை இல்லாமல் சாப்பிட்டீர்களா, கூடச் சாப்பிட்டவர்களுக்கும் இப்படி ஆனதா என்று கேட்பார். இரண்டுக்கும் ஆமாம் என்றால் ஹிஸ்டமின் விஷமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கடும் அலர்ஜியில் ரத்தத்தில் டிரிப்டேஸ் பெரும்பாலும் ஏறும், இதில் ஏறாது. மிச்ச மீனையும் பரிசோதிக்கலாம். கோடெக்ஸ் விதிப்படி கிலோவுக்கு 200 மில்லிகிராம்தான் உச்சம். தவறாக அலர்ஜி என்று முத்திரை குத்தினால், கடற்கரை ஊர்க்காரர் காலம் முழுக்க மீனை ஒதுக்க வேண்டியதுதான். அதேசமயம் மூச்சுத்திணறல், நாக்கு வீக்கம், மயக்கம் வந்தால் எது என்று யோசிக்கவே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிதான்.

மீனே சாப்பிடாமலும் முகம் அடிக்கடி சிவந்தால் ரோசேசியா, லூபஸ், நியாசின் மாத்திரை என்று காரணம் வேறாக இருக்கலாம்.

ஹிஸ்டமின் உருவான பிறகு ஐஸில் போட்டாலும் அது குறையாது. குளிர் படகிலேயே தொடங்க வேண்டும்.