நாய்க்கு முதல் சோறு போடச் சொன்ன மகான்

திருச்சுழியில் பிறந்த ரமணரும் வாயில்லா ஜீவன்களும்

திருவண்ணாமலையில் உள்ள ரமணாசிரமத்துக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு புதுமையைப் பார்க்கலாம். ஒரு பசுமாட்டுக்கு அங்கே சமாதி இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு நாய்க்கும், ஒரு மானுக்கும், ஒரு காகத்துக்கும் சமாதிகள் இருக்கின்றன. பெரியவர்களை அடக்கம் செய்வதுபோல மரியாதையோடு அடக்கம் செய்த இடங்கள் அவை.

ஆடு மாடுகளை விலைக்கு வாங்குகிறோம், விற்கிறோம். பால் கறக்கிறோம்; உழுகிறோம்; அறுத்தும் சாப்பிடுகிறோம். அப்படிப்பட்ட ஒரு பிராணிக்குச் சமாதி எதற்கு?

இதற்கு விடை வேண்டுமானால் ஒரு மனிதருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பிறந்த ஊர் அருப்புக்கோட்டைச் சீமையில் உள்ள திருச்சுழி.

வானம் பார்த்த பூமி

1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி, மார்கழித் திருவாதிரை சமயத்தில், சுந்தரமய்யர், அழகம்மாள் தம்பதிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. வெங்கடராமன் என்று பெயர் வைத்தார்கள். சுந்தரமய்யர் திருச்சுழியில் வக்கீல் தொழில் பார்த்தவர். வழிப்போக்கர்கள் தங்குவதற்கென்றே வீட்டில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருந்தார். வந்தவர்களுக்கு அந்த வீட்டில் சோறு உண்டு.

திருச்சுழி அப்போது மதுரை ஜில்லாவில் இருந்தது. 1910-இல் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போயிற்று. 1985 முதல் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. ஜில்லாவின் பெயர் மாறினாலும் மண் மாறவில்லை. மழை பெய்தால் கம்பு, சோளம், பருத்தி விளையும். மழை பொய்த்தால் ஆடு மாடுதான் கதி.

இந்தச் சீமையில் ஆடு என்பது நடமாடும் சேமிப்பு. வேம்பூர் ஆடும் ராமநாதபுரம் வெள்ளை ஆடும் இந்தப் பக்கத்து ஜாதிகள். அறுவடை முடிந்த நிலத்தில் இரவில் கிடை போடுவார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரமாகும். வீட்டில் கல்யாணம் வந்தாலும், காய்ச்சல் வந்தாலும், பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டி வந்தாலும் ஒரு கிடாய் சந்தைக்குப் போகும். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தால் ஒரு கிடாய் வெட்டுவார்கள்.

வெங்கடராமன் பிறப்பதற்குச் சற்று முன்புதான், 1876 முதல் 1878 வரை, சென்னை ராஜதானியைத் தாது வருஷப் பஞ்சம் உலுக்கியது. மனிதர்கள் லட்சக்கணக்கில் மாண்டார்கள். கால்நடைகளும் மடிந்தன. ஆகவே இங்கே மாமிசத்தைப் பற்றிய பேச்சு, வயிறு நிறைந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசும் பேச்சாக மட்டும் இருக்க முடியாது.

ஊரை விட்டார்

1892-இல் தகப்பனார் காலமானார். சிறுவன் வெங்கடராமன் மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தான். பாடத்தைவிட விளையாட்டில்தான் ஆசை அதிகம். பந்து விளையாடுவான், நீந்துவான், குஸ்தி போடுவான்.

1896 ஜூலை மாதம். அவனுக்கு வயது 16. ஒரு நாள் திடீரென்று சாவு வந்துவிட்டது போன்ற பயம் பிடித்தது. உடம்பில் நோய் ஒன்றும் இல்லை. அவன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போலக் கையையும் காலையும் நீட்டிப் படுத்துக்கொண்டான். இந்த உடம்பு செத்தால் நானும் செத்துவிடுவேனா என்று தனக்குள் ஆராய்ந்தான். உடம்பு போனாலும் போகாத ஒன்று உள்ளே இருக்கிறது என்று அவனுக்குத் தெளிவாயிற்று. சாவுப் பயம் அன்றோடு போய்விட்டது.

அந்த ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி வீட்டை விட்டுக் கிளம்பினான். செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். பிறகு 54 ஆண்டுகள் அந்த ஊரை விட்டு அவர் வெளியே போகவே இல்லை. வெங்கடராமன் ரமண மகரிஷி ஆனார்.

குகைக்கு வந்த குரங்கு

1899 முதல் 1916 வரை மலைமேல் விரூபாட்ச குகையில் ரமணர் வசித்தார். குரங்குகளும் பாம்புகளும் அங்கே அக்கம்பக்கத்தார். பாம்பை யாரும் அடிக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. அது அவற்றின் இடம், நாம்தான் பிறகு வந்தவர்கள் என்பது அவர் சொன்ன நியாயம்.

ஒரு சமயம் பெரிய குரங்கு ஒன்று குட்டி ஒன்றைக் கடித்துக் குதறிவிட்டது. கூட்டம் அதை அப்படியே விட்டுவிட்டுப் போயிற்று. ரமணர் அதை எடுத்து வந்து வைத்தியம் செய்து காப்பாற்றினார். அது நொண்டியதால் நொண்டி என்றே பெயர் வந்தது. அவர் மடியில் உட்கார்ந்துதான் நொண்டி சாப்பிடும். ஒரு நாள் ஏதோ கோபத்தில் அவரையே அறைந்துவிட்டது. அதற்காக அவர் அதை அடிக்கவில்லை, விரட்டவும் இல்லை. கொஞ்ச காலம் மடியில் ஏற விடவில்லை. அவ்வளவுதான் தண்டனை. அது கெஞ்சிக் குழைந்து மறுபடி இடம் பிடித்துக்கொண்டது.

இன்னொரு நாள் மலையில் நடக்கும்போது அவர் தொடை ஒரு குளவிக்கூட்டின்மேல் பட்டுவிட்டது. குளவிகள் மொய்த்துக் கொட்டின. அவர் ஓடவில்லை. கூட்டைக் கலைத்தது தன் கால்தானே என்று, அவை ஓயும்வரை அசையாமல் நின்றார்.

அது அல்ல, அவள்!

1916-இல் தாயார் அழகம்மாள் மகனோடு வந்து தங்கினார். 1922 மே 19-ந் தேதி அவர் காலமானார். மலையடிவாரத்தில் அவரைச் சமாதி வைத்த இடத்தைச் சுற்றித்தான் ரமணாசிரமம் வளர்ந்தது.

நம் தமிழ் இலக்கணம் மனிதர்களை உயர்திணை என்கிறது. ஆடு மாடுகளை அஃறிணை என்கிறது. ஆகவே நாய் வந்தது, மாடு போனது என்கிறோம். ரமணர் அப்படிப் பேசமாட்டார். நாயானாலும், பசுவானாலும், அணிலானாலும் அவன், அவள் என்றே சொல்வார். பசங்களுக்குச் சோறு போட்டாயிற்றா என்று அவர் விசாரித்தால், புது ஆட்களுக்குப் புரியாது. அவர் கேட்டது ஆசிரமத்து நாய்களைப் பற்றி! சமையல் ஆனதும் முதல் சோறு நாய்களுக்கு. அடுத்தது பிச்சைக்காரர்களுக்கு. அதற்குப் பிறகுதான் பக்தர்களுக்கு இலை விழும்.

1924 ஜூன் 26-ந் தேதி இரவு ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். அந்த நேரத்திலும் ரமணர் கறுப்பன் என்ற நாயைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். திருடர்கள் அதை அடித்துவிடுவார்களோ என்று அவருக்குக் கவலை. அடி அவருக்குத்தான் விழுந்தது. தொடையில் பலமான காயம். திருடர்களைத் திருப்பி அடிக்கவும் அவர் விடவில்லை.

பசு லட்சுமி

1926-இல் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பக்தர் ஒரு பசுவையும் கன்றையும் கொண்டுவந்து ஆசிரமத்துக்குக் கொடுத்தார். காட்டு மிருகங்கள் நடமாடும் இடம். யார் பார்த்துக்கொள்வது என்று ரமணர் தயங்கினார். நானாயிற்று என்று ஓர் அன்பர் முன்வந்தார். அந்தக் கன்றுதான் லட்சுமி.

சில மாதங்களில் தாயையும் கன்றையும் ஊருக்குள் ஒருவரிடம் வளர்க்க விட்டார்கள். ஆனால் லட்சுமி வழியைக் கண்டுபிடித்துவிட்டாள். காலையில் தானாகவே ஆசிரமத்துக்கு வருவாள். நேரே ரமணரிடம் போவாள். அவர் பாதத்தில் தலையை வைத்துக்கொள்வாள். அவர் கையால் வாழைப்பழம் வாங்கித் தின்பாள். சாயங்காலம் வீடு திரும்புவாள். பிற்பாடு ஆசிரமத்திலேயே தங்கிவிட்டாள். அங்கே பெரிய மாட்டுத் தொழுவமும் கட்டினார்கள்.

லட்சுமி பல கன்றுகளை ஈன்றாள். பால் தந்தாள். பிறகு கிழமானாள். இங்கேதான் கவனிக்க வேண்டும். மடி வற்றிய மாட்டை யார் வைத்துக்கொள்கிறார்கள்? ஆசிரமத்தில் அவளுக்கு இருந்த இடம் ஒரு நாளும் போகவில்லை.

1948 ஜூன் 18-ந் தேதி, வெள்ளிக்கிழமை. லட்சுமி எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். ரமணருக்கு அப்போது 68 வயது. தொழுவத்துக்கு வந்து, அவள் பக்கத்தில் வைக்கோல்மேல் உட்கார்ந்தார். தலையில் கை வைத்துத் தடவிக்கொடுத்தார். அன்று அவள் உயிர் பிரிந்தது. முறைப்படி நீராட்டிச் சமாதி வைத்தார்கள். அவள் முக்தி அடைந்தாள் என்று ரமணரே ஒரு வெண்பா எழுதினார்.

மாமிசம் சாப்பிடலாமா?

ரமணர் பிறந்தது சைவச் சாப்பாட்டுக் குடும்பம். மாமிசத்தை விடுவதில் அவருக்குச் சிரமம் ஏதும் இல்லை. ஆனால் 1934-இல் பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு, பல தேசத்து மக்கள் திருவண்ணாமலை வந்தார்கள். பிறந்தது முதல் மாமிசம் சாப்பிட்டவர்கள் அவர்கள். அதை விட்டால் உடம்பு தாங்குமா என்று கேட்டார்கள்.

ரமணர் அவர்களைப் பழித்துப் பேசவில்லை. உடம்புக்கு வேண்டிய சத்து காய்கறிச் சாப்பாட்டிலும் உண்டு, மாமிசத்திலும் உண்டு என்றார். இது ருசி, இதுதான் பலம் என்று மனம் பழகிக் கிடப்பதுதான் தடை என்று விளக்கினார். அளவான சாத்வீக உணவு மனத்தைத் தெளிவாக வைக்கும் என்பது அவர் கருத்து. 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு எழுதிக் காட்டிய விடைகளிலேயே இதை அவர் சொல்லியிருக்கிறார். அந்த விடைகள்தான் பிறகு நான் யார்? என்ற சிறு புத்தகமாக வந்தன.

செடிக்கும் உயிர் உண்டே என்று சிலர் மடக்குவார்கள். ரமணர் அதையும் மறக்கவில்லை. லட்சம் இலை பறித்துப் பூஜை செய்ய ஆசைப்பட்ட ஓர் அம்மாளிடம், இலையைக் கிள்ளுவதற்குப் பதில் உன்னையே லட்சம் தடவை கிள்ளிக்கொள்ளேன் என்று சொன்னார். மாங்காய் பறிக்கிறவர்கள் மரத்தைக் கம்பால் அடித்து இலைகளை உதிர்த்தபோது, பழம் தந்ததற்கு இதுதானா சன்மானம் என்று கடிந்து, பறித்ததே போதும் என்று நிறுத்திவிட்டார். இலையையும் காயையும் வேண்டாம் என்று அவர் ஒதுக்கவில்லை. எடுத்துக்கொள்கிறபோது எப்படி எடுக்கிறோம் என்றுதான் பார்த்தார்.

1950 ஏப்ரல் 14-ந் தேதி இரவு ரமணர் மறைந்தார். அந்தக் கடைசி நாளில் கூரைமேல் வெள்ளை மயில் அகவியது. யாராவது அவனுக்குத் தீனி போட்டீர்களா என்று அவர் விசாரித்ததாக உடன் இருந்தவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

நமக்கு என்ன பாடம்?

1960-இல் நம் நாட்டில் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. உணவுக்காகப் பிராணியைக் கொல்வதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. தேவையில்லாமல் வதைப்பதைத் தடுக்கிறது. நோகும்படி ஏற்றிச் செல்வதும், தீனி, தண்ணீர் கொடுக்காமல் விடுவதும் குற்றம் என்கிறது. சட்டம் எழுதியபோது முதல் குற்றத்துக்கு வைத்த அபராதம் 50 ரூபாய் வரைதான். போலீஸ்காரர் ஒவ்வொரு தொழுவத்திலும் வந்து நிற்க முடியுமா?

மாமிசம் சாப்பிடாதவர்கள், தங்களுக்கு இதில் பாவம் இல்லை என்று நினைத்துக்கொள்ள முடியாது. பாலும் தயிரும் மாட்டிடம் வாங்கியதுதானே! பால் மறத்த மாடு எங்கே போகிறது என்று அவர்களும் கேட்க வேண்டும்.

மாமிசம் சாப்பிடுகிறவர்களும், வெட்டப்போகிற ஆடுதானே என்று விட்டுவிடலாகாது. கோழியின் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சைக்கிளில் கொண்டுபோகிறோம். ஆடுகளை மூச்சுவிட இடமில்லாமல் லாரியில் அடைக்கிறோம். சாகும்வரை அதற்குத் தாகம் உண்டு, வலி உண்டு, பயம் உண்டு. சாவுப் பயம் எப்படி இருக்கும் என்று 16 வயதில் அறிந்தவர் ரமணர். அவரால் எந்த உயிரின் பயத்தையும் அலட்சியம் செய்ய முடியவில்லை.

பஞ்சத்தில் வைக்கோல் வாங்கப் பணம் இல்லாமல் மாட்டை விற்கும் குடியானவரைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. கண்ணீரோடுதான் அவர் கயிற்றை அவிழ்த்துக் கொடுக்கிறார். அந்தக் கண்ணீருக்குக் காரணம் இருக்கிறது. அவருக்கும் அந்த மாடு அது அல்ல, அவள்தான்.

மாமிசத்தை விடுவதா, வேண்டாமா என்பதை அவரவர் மனச்சாட்சி முடிவு செய்யட்டும். விட முடிந்தவர்கள் விடலாம். குறைக்க முடிந்தவர்கள் குறைக்கலாம். ஆனால் உயிரோடு இருக்கும்வரை ஒரு பிராணிக்குச் செய்ய வேண்டிய கடமை எல்லாருக்கும் பொது. சித்திரை வெயிலில் கரிசல்காடு வெடித்துக் கிடக்கும். மேய்ந்து திரும்பும் ஆடு மாட்டுக்கு நிழல் இருக்கிறதா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். நாம் சாப்பிட உட்காருவதற்கு முன் பாருங்கள். திருச்சுழியில் பிறந்தவர் காட்டிய வரிசை அதுதான்.