பாகவதரும் பின்வந்த அம்பிகாபதியும்

பாகவதர் என்று பொதுப்படச் சொன்னால், நம் மூத்தோர் எந்தப் பாகவதர் என்று திருப்பிக் கேட்பதில்லை. இசைவாணர் பலர்க்கு உரிய அப்பட்டம், எம். கே. தியாகராஜ பாகவதர் ஒருவர்க்கே பெயராகி நிலைத்துவிட்டது. பழைய இசைப்படங்களை இக்காலத்து நடிகரைக் கொண்டு மீண்டும் எடுத்தல் தகுமா என்ற வினா எழும்போதெல்லாம் அப்பெருங்கலைஞரின் வாழ்க்கையே என் நினைவிற்கு வருகிறது. தாம் புகழ் பெற்ற வேடத்தை வேறொருவர் புனைவதை உயிரோடிருந்து கண்டவர் அவர்.

இவ்வினா எனக்கு ஏட்டளவிலானதன்று. சில ஆண்டுகளுக்கு முன், நான் தமிழாசிரியனாக இருந்த பாடசாலையில், தமிழ்த் தினவிழாவிற்காக மாணவர் அம்பிகாபதி நாடகத்தை மேடையேற்ற விரும்பினர். தலைமை வேடத்தை வேண்டி வந்த மாணவன் நடிப்பில் வல்லவன். ஆனால் பாட வாராது. பாடத் தெரியாதவன் அம்பிகாபதியாவது எங்ஙனம் என்று கூறி அவனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அன்று நான் செய்தது சரிதானா என்ற ஐயம் என்னை விட்டு நீங்கவில்லை. பாகவதரின் வரலாற்றை அந்த ஐயத்தோடுதான் திரும்பிப் பார்க்கின்றேன்.

மாயவரத்தில் 1910ஆம் ஆண்டு பொற்கொல்லர் குடும்பமொன்றிற் பிறந்த தியாகராஜன், திருச்சியில் வளர்ந்தார். ஏட்டுக் கல்வியில் நாட்டமின்றிப் பாட்டிலேயே ஊறித் திரிந்த சிறுவனை, நாடகக் கலைஞர் எப். ஜி. நடேச ஐயர் தமது ரசிக ரஞ்சன சபாவின் அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். பின்னர் முறையாகச் சங்கீதம் பயின்று நாடக மேடையில் நிலைபெற்றார். ஒலிபெருக்கியின் துணையின்றிக் கடைசி வரிசைக்கும் கேட்குமாறு பாடவேண்டிய காலம் அது. அவருடைய உயர்ந்த சுருதியும், தெளிந்த உச்சரிப்பும் அம்மேடையிலேயே உரம் பெற்றன.

மேடையிற் புகழ் பெற்ற பவளக்கொடி நாடகத்தை, கே. சுப்பிரமணியம் 1934இல் பேசும்படமாக்கினார். பாகவதர் அர்ச்சுனனாகவும், எஸ். டி. சுப்புலக்ஷ்மி பவளக்கொடியாகவும் தோன்றிய அப்படத்தில் ஏறக்குறைய ஐம்பது பாடல்கள் இருந்தன. நாயகனாக வருபவன் தானே பாடவும் வல்லவனாக இருத்தல் வேண்டும் என்பது அந்நாளைய விதி. ஒருவரது குரலை அளவாக வைத்தே கதையும் காட்சியும் அமைக்கப்பட்டன.

சிந்தாமணியும் அம்பிகாபதியும் வெளிவந்த 1937ஆம் ஆண்டு, அவரை ஈடற்ற நாயகனாக்கியது. கம்பர் மகன் அம்பிகாபதி, சோழ இளவரசி அமராவதியைக் காதலித்து உயிர் துறந்த கதையை இயக்கியவர், தமிழறியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். வசனம் எழுதியவர் இளங்கோவன். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தின் சாயலைக் காதற் காட்சிகளில் ஏற்றினர். செவிவழிக் கதையொன்றை ஆங்கில நாடகத்தோடு கலந்து, அமெரிக்கர் ஒருவர் கையால் படமாக்கியதே நாம் மூலம் என்று போற்றும் அம்பிகாபதி. அதுவும் தன் காலத்தில் ஒரு மறுவார்ப்பே என்பதை மாணவனைத் திருப்பி அனுப்பிய நாளில் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

திருநீலகண்டர், அசோக்குமார், சிவகவி என வெற்றி தொடர்ந்தது. 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ், சென்னை பிராட்வே படமாளிகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் படம் வெளிவந்த சில வாரங்களில், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் குத்திக் கொல்லப்பட்ட வழக்கிற் பாகவதரும், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். ஆயுட்காலத் தண்டனை விதிக்கப்பட்டது. இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்ற வழக்கு மீண்டும் சென்னை உயர் நீதிமன்றத்திற்குத் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்களென விடுதலை பெற்றனர். திரையில் அவர் பாடக் கேட்டு மக்கள் திரண்டிருந்த நாள்களிற் பெரும்பகுதியை அவர் சிறையிற் கழித்தார்.

விடுதலையாகி வந்தவரை வேறொரு காலம் எதிர்கொண்டது. 1948இல் வந்த ராஜமுக்தியும், 1952இல் வந்த அமரகவியும் பழைய வெற்றியைத் தரவில்லை. பின்னணிப் பாடகரின் வருகையால் நடிப்பவர் பாட வேண்டிய கட்டாயம் அகன்றது. 1952இல் பராசக்தி வந்தபின் பாட்டிருந்த இடத்தை வசனம் பிடித்தது. இதற்கிடையே 1949இல் பவளக்கொடி மீண்டும் எடுக்கப்பட்டபோது, டி. ஆர். மகாலிங்கம் நாயகனானார். அவரேனும் பாடும் நடிகர்.

1957இல் ப. நீலகண்டன் அம்பிகாபதியை மறுபடியும் எடுத்தார். சிவாஜி கணேசன் அம்பிகாபதியானார், பானுமதி அமராவதியானார். நாயகனுக்குக் குரல் கொடுத்தவர் டி. எம். சௌந்தரராஜன். பாகவதரின் பாணியைப் பயின்றே பாட்டுலகிற்கு வந்தவர் அவர். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒருவரிடம் கூடியிருந்த முகமும் குரலும் இப்போது இருவரிடையே பிரிந்தன. கம்பராக நடிக்கப் பாகவதரையே அழைத்தனர், அவர் மறுத்துவிட்டார். சிறையில் உடனிருந்த கலைவாணர் அப்படத்தில் நடித்தார், அவ்வாண்டிலேயே காலமானார். பாகவதர் தாமே இயக்கிய புதுவாழ்வு அதே 1957இல் வெளிவந்து தோற்றது.

அம்மறுப்பைப் பிடிவாதம் என்று முன்பு எண்ணியிருந்தேன். இப்போது அவ்வாறு எண்ணவில்லை. தாம் மகனாக நின்ற கதையில், இன்னொருவர் மகனாக நிற்கத் தாம் தந்தையாக நிற்பது எவர்க்கும் எளிதன்று. ஆயினும், அவர் மறுத்தமையாற் புதிய படம் பிழையாகிவிடாது. சிவாஜியின் அம்பிகாபதி அவருடைய அம்பிகாபதியைப் போன்றதன்று, போன்றிருக்க வேண்டியதுமில்லை. இரண்டு ஆண்டுகளின் பின், 1959 நவம்பர் முதலாம் நாள், நாற்பத்தொன்பதாம் வயதிற் பாகவதர் மறைந்தார். அவர் நடித்த சிவகாமி 1960இல் வெளிவந்தது.

அம்பிகாபதி கதையில் நூறு செய்யுள் பாட வேண்டும். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிய அமராவதி, நூறு முடிந்ததென்று முகங்காட்டுகிறாள். உண்மையிற் பாடியது தொண்ணூற்றொன்பதே. பழைய படங்களைப் பற்றிய நம் கணக்கும் அத்தகையதே என அஞ்சுகிறேன். புதிது வந்தவுடன் பழையது நிறைவெய்திற்று என்று எண்ணி அதைக் கைவிட்டுவிடுகிறோம். அக்காலத்துத் தமிழ்ப்படங்கள் பலவற்றின் பிரதிகள் இன்று எங்குமில்லை. என் தகப்பனார் சேர்த்து வைத்திருந்த பாகவதரின் இசைத்தட்டுகள் 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் எங்கள் வீட்டோடு அழிந்தன. அவற்றைத் திருத்தியோ புதுக்கியோ எவரும் அழிக்கவில்லை. காக்க எவருமில்லாமையால் அழிந்தன.

ஆதலின், மறுபடி எடுத்தலால் மூலத்திற்குக் கேடு வருவதில்லை என்பதே என் முடிபு. மூலம் பேணப்படும்வரை எந்த நடிகரும் எந்த வேடத்தையும் புனையலாம். பழையவரை அப்படியே போலச்செய்து அவர் பெயரால் வாழ நினைப்பதே தகாதது. தன் காலத்திற்கு அக்கதை என்ன சொல்கிறதென்று தேடுபவர்க்கு அவ்வுரிமை உண்டு.

அந்த மாணவன் இன்று எங்கிருக்கின்றானோ, அறியேன். அம்பிகாபதி வேடத்தை அவனுக்கே அளித்து, பாட்டை வேறொருவன் திரைக்குப் பின்னிருந்து பாடுமாறு செய்திருக்கலாம். ஒத்திகைக்கு முன்னர், பாகவதர் பாடியதை வகுப்பிலுள்ள எல்லாரும் ஒருமுறை கேட்கவும் செய்திருக்கலாம். இரண்டையும் நான் செய்யவில்லை. இனி நாடகம் பழக்கும் ஆசிரியரேனும் இரண்டையும் செய்வாராக.