கிப்லாவைக் கணக்கிட்ட மேதை அபூ ரைஹான் அல்பீரூனீ

நமது வணக்க வழிபாடுகளுக்கும் வானத்துக்கும் உள்ள தொடர்பு மிகப் பெரியது. கிழக்கு வெளுப்பதைக் கொண்டு ஸுப்ஹும், சூரியன் உச்சி சாய்வதைக் கொண்டு ளுஹரும், நிழலின் நீளத்தைக் கொண்டு அஸரும், சூரியன் மறைவதைக் கொண்டு மஃரிபும், மேல்வானத்துச் செம்மை மறைவதைக் கொண்டு இஷாவும் நமக்குக் கடமையாகின்றன. ரமலானுக்கும் ஹஜ்ஜுக்கும் பிறை வேண்டும். ஆயினும் வீட்டுச் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையைக் காட்டி, இதை யார் எப்படிக் கணக்கிட்டார்கள் என்று பிள்ளைகள் கேட்டால், நம்மில் பலர் பதில் தெரியாமல் விழிக்கிறோம். அந்தக் கேள்விக்கு விடை காண்பதிலேயே ஆயுளைச் செலவிட்ட ஓர் அறிஞரின் வாழ்வை இம்மாதம் சுருக்கமாகக் காண்போம்.

இளமையும் கல்வியும்

அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பீரூனீ அவர்கள் ஹிஜ்ரி 362-ல், அதாவது கி.பி. 973-ல், குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரில் பிறந்தார்கள். இன்று அது உஜ்பெகிஸ்தானைச் சேர்ந்தது. அரச குடும்பத்தைச் சேர்ந்த கணித மேதை அபூ நஸ்ர் மன்ஸூர் அவர்களிடம் பாடம் படிக்கும் பேறு இளமையிலேயே கிடைத்தது. பதினேழு வயது நிரம்பும் காலத்தில், நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து, தம் ஊர் பூமத்திய ரேகைக்கு எத்தனை பாகை வடக்கே உள்ளது என்று கண்டறிந்தார்கள்.

கி.பி. 997 மே மாதம் 24-ம் நாள் ஒரு சந்திர கிரகணம் வந்தது. பீரூனீ அவர்கள் காத் நகரிலும், அபுல் வஃபா என்ற அறிஞர் பக்தாதிலுமாக, முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு அதைக் கவனித்தார்கள். கிரகணம் இரண்டு ஊர்களிலும் ஒரே நொடியில்தான் நிகழும். ஆனால் அந்த நொடியில் அந்தந்த ஊரின் நேரம் வேறாக இருக்கும். அந்த வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணி என்று தெரிந்தது. பூமியில் ஒரு மணி நேரம் என்பது 15 பாகை. தந்தியும் தொலைபேசியும் இல்லாத காலத்தில், இரு நகரங்களுக்கும் இடையே உள்ள கிழக்கு மேற்குத் தூரத்தை வானத்தைக் கொண்டே இவ்வாறு அளந்தார்கள்.

துன்பத்திலும் விடாத ஆய்வு

அன்னாரின் வாழ்வு அமைதியானதல்ல. 995-ல் குவாரிஸ்மில் மூண்ட ஆட்சிக் குழப்பத்தால் ஊரை விட்டு ஓட நேர்ந்தது. பின்னர் திரும்பி வந்து அரசவையில் இருந்தபோது, 1017-ல் கஸ்னி சுல்தான் மஹ்மூது அந்நாட்டைக் கைப்பற்றி, அறிஞர்கள் பலரோடு அன்னாரையும் கஸ்னிக்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டு காபூலுக்கு அருகே ஒரு சிற்றூரில், மனம் நொந்த நிலையில், கையில் எந்தக் கருவியும் இன்றி இருந்தார்கள். அப்போதும் சும்மா இருக்கவில்லை. கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் வட்டத்தின் ஒரு பகுதியை வரைந்து, பாகைகளைக் குறித்து, தூக்குநூல் ஒன்றைக் கட்டி, அதைக் கொண்டே சூரியனின் உயரத்தை அளந்தார்கள். வசதியில்லை என்று படிப்பை விடும் நம் மாணவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அக்காலத்தில் எழுந்ததே ஊர்களின் இருப்பிடத்தை வரையறுக்கும் பெருநூல். 1025-ல் முடிவுற்ற அந்நூலின் முக்கிய நோக்கங்களுள் ஒன்று, கஸ்னியிலிருந்து கஃபா எந்தத் திசையில் உள்ளது என்று சரியாகக் கண்டுபிடிப்பது. அதற்குக் கஸ்னிக்கும் மக்காவுக்கும் உள்ள அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். வழியிலுள்ள ஊர்களின் அளவுகளும் வேண்டும். ஒருவர் சொன்ன அளவை அப்படியே ஏற்காமல், பல வழிகளில் கணக்கிட்டு ஒன்றோடொன்று ஒப்பிட்டே முடிவு கூறினார்கள்.

பூமியின் அளவையும் இந்தத் துணைக்கண்டத்தில் வைத்தே கணக்கிட்டார்கள். கரையில் நிற்கும் நமக்கு, தொலைவில் வரும் தோணியின் பாய் முதலில் தெரியும், அதன் உடல் பிறகே தெரியும். பூமி வளைந்திருப்பதே இதற்குக் காரணம். அதே வளைவால், மலை உச்சியில் ஏறிப் பார்த்தால் அடிவானம் நம் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே தாழ்ந்து தெரியும். இன்று பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டை அருகே 652 முழ உயரமுள்ள மலையில் ஏறி அந்தத் தாழ்வை அளந்தார்கள். அது 34 கலை, அதாவது ஒரு பாகையில் பாதிக்குச் சற்று மேல். இந்த இரு எண்களைக் கொண்டு அன்னார் கண்ட பூமியின் ஆரம், இன்று நாம் அறிந்த 6,371 கிலோமீட்டருக்கு நெருக்கமானது.

யாரிடமும் கற்கத் தயங்காதவர்

பீரூனீ அவர்கள் ஸமஸ்கிருதம் பயின்று, பண்டிதர்களிடம் கேட்டறிந்து, 1030-ல் இந்தியா பற்றிய பெருநூலை எழுதி முடித்தார்கள். இந்துக்களின் வானியலையும் சமயக் கொள்கைகளையும் அவர்களுடைய நூல்களிலிருந்தே எடுத்துக் கூறினார்கள். சுல்தானின் படையெடுப்புகளால் நாட்டின் செழிப்பு அழிந்ததையும் மறைக்கவில்லை. அன்னார் நம் கடற்கரைக்கு வந்ததில்லை. ஆயினும் நம் கடல் அந்நூலில் இடம்பெற்றுள்ளது. சரந்தீப் வளைகுடாவில் முன்பு முத்து விளைந்ததும், தம் காலத்தில் அது நின்றுபோனதும், ஆப்பிரிக்காவின் ஸுஃபாலாவில் முத்து கிடைத்ததால் சரந்தீப் முத்துகள் அங்கே குடிபெயர்ந்துவிட்டதாக மக்கள் பேசிக்கொண்டதும் அதில் உள்ளன. 1961-ல் கடைசிச் சலாபம் கண்ட தூத்துக்குடிக்காரர்களுக்கு, முத்துப்பார்கள் வெறிச்சோடுவது புதிய செய்தியல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

பிறரிடமிருந்து வந்தது என்பதற்காக நல்ல அறிவை ஒதுக்குவதை அன்னார் ஏற்கவில்லை. தொழுகை நேரம் காட்டும் கருவி ஒன்றில் ரோமானியரின் மாதப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன என்பதற்காக, மார்க்கப் பற்று மிக்க ஒருவர் அதைத் தொட மறுத்தார். ரோமானியர்கள் உணவு உண்கிறார்கள், கடைத்தெருவில் நடக்கிறார்கள், அவற்றையும் விட்டுவிடுவீரா என்று அன்னார் அவரைக் கேட்ட செய்தியை, நிழல்கள் பற்றிய அன்னாரின் நூலிலேயே காண்கிறோம்.

மாணவிக்கு எழுதிய பாடநூல்

1029-ல் ரைஹானா பின்த் அல்ஹஸன் என்ற பெண்மணிக்காக அன்னார் எழுதிய நூல் நம் வீடுகளுக்கு முக்கியமானது. 500க்கும் மேற்பட்ட கேள்வி பதில்களாக அமைந்த அது, புள்ளி என்றால் என்ன, கோடு என்றால் என்ன என்று தொடங்கி, எண், வானம், பூமி, நாட்காட்டி, அஸ்தர்லாப் என்ற கருவி என்று படிப்படியாக ஏறுகிறது. ஜோதிடத்தை இறுதியில் வைத்து, அதில் தமக்கு உள்ள நம்பிக்கை மிகக் குறைவு என்பதையும் தெரிவித்தார்கள். வானத்தை அளப்பது ஒன்று, வானத்தைக் கொண்டு குறி சொல்வது வேறு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் வானியல் கேட்டபோது, இது உனக்கு எதற்கு என்று அந்த மேதை திருப்பி அனுப்பவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

கி.பி. 1048-ஐ ஒட்டி, கஸ்னியில் அன்னார் மறைந்தார்கள். மரணப் படுக்கையில் இருந்தபோது, பார்க்க வந்த ஒரு ஃபகீஹிடம் பாகப்பிரிவினைச் சட்டம் ஒன்றை விசாரித்து அறிந்துகொண்டதாகவும், வந்தவர் திரும்பிச் செல்லும் வழியில் இருக்கும்போதே உயிர் பிரிந்ததாகவும் வரலாற்றாசிரியர் யாகூத் எழுதியுள்ளார். அறியாமல் போவதைவிட அறிந்து போவது மேல் என்பதே அன்னாரின் எண்ணம். சந்திரனில் உள்ள ஒரு பெரும் பள்ளம் இன்று அன்னாரின் பெயரைத் தாங்குகிறது.

நாம் செய்ய வேண்டியது

கிப்லா என்றால் மேற்கு என்று நம் பிள்ளைகள் பொதுவாக நினைக்கிறார்கள். தூத்துக்குடியிலோ காயல்பட்டினத்திலோ நேர் மேற்கு நோக்கிக் கோடு இழுத்தால், அது சோமாலியாக் கரையைத்தான் சேரும். மக்கா, மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 23½ பாகை திரும்பினால் கிடைக்கும். இதைப் பிள்ளைகளே சரிபார்க்கலாம். மே 28 பிற்பகல் 2-48 மணிக்கும், ஜூலை 16 பிற்பகல் 2-57 மணிக்கும் சூரியன் கஃபாவின் தலைக்கு நேர் மேலே நிற்கும். லீப் ஆண்டுகளில் இது ஒரு நாள் முன்னதாக நிகழும். அந்த நேரத்தில் முற்றத்தில் ஒரு கம்பை நேராக நட்டு, நிழலின் நுனியிலிருந்து கம்பின் அடியை நோக்கிக் கோடு இழுத்தால் அதுவே கிப்லா. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, நிழலைப் பார்த்தாலே போதும். இதைக் காட்டிப் பழைய பள்ளிவாசல்களில் சர்ச்சை கிளப்ப வேண்டாம். தூரத்தில் உள்ளவர்களுக்குரிய சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக் கொள்வதே முறை.

இரவில் வடக்கே பார்க்கச் சொல்லுங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. தூத்துக்குடியில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே ஒரு முஷ்டிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் நிற்கும். அந்த உயரமே நம் ஊரின் அட்சரேகை. நம் முன்னோர்களின் மரக்கலங்கள் வழி கண்டதும் இத்தகைய அறிவைக் கொண்டே.

2023-ல் சூரியனை ஆராயச் சென்ற ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையில் பிறந்த பெண்மணி. நம் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. வானத்தை ஆராயும் கல்வி நம் வாசல் வரை வந்துவிட்டது. ஆண் பிள்ளையானாலும் பெண் பிள்ளையானாலும், வானத்தைப் பற்றிக் கேட்டால் அதட்டி உட்கார வைக்காமல், ஒரு கம்பையும் ஒரு நூலையும் கையில் கொடுப்போம்.

வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குப் பயன் தரும் கல்வியை அருள்வானாக! ஆமீன்.