இரண்டாவது நோயாளி வரவில்லை

ஆயிரக்கணக்கானோருக்குச் சிகிச்சை அளித்துப் புகழ்பெற்ற மருத்துவர்கள் உண்டு. பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் சர் ஹென்றி சூட்டரின் பெயரோ, அவர் செய்த ஒரே ஒரு இதய அறுவை சிகிச்சையால் வரலாற்றில் நிலைத்தது.

1875-இல் பிறந்த சூட்டர், கணிதமும் பொறியியலும் கற்ற பின்னரே மருத்துவத்துக்கு வந்தவர். தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே வடிவமைப்பார். உணவுக்குழாய்ப் புற்றுநோயால் விழுங்க இயலாமல் தவித்தவர்களுக்காக அவர் உருவாக்கிய சுருள்கம்பிக் குழாய், அவர் பெயராலேயே வழங்கியது. முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் போர்முனை மருத்துவமனையில் பணியாற்றினார்.

அக்காலத்தில் ருமாட்டிக் காய்ச்சல் பல இளம் உயிர்களைப் பறித்தது. அந்நோயால் இதயத்தின் மைட்ரல் வால்வு தடித்துச் சுருங்கும். ரத்தம் நுரையீரலில் தேங்கும். அந்த அழுத்தத்தை எதிர்த்துத் துடிக்கும் வலப்பக்கத் தசை நாளடைவில் தளரும். ஆனால், சர் ஜேம்ஸ் மெக்கன்சியின் வழிவந்த இதய மருத்துவர்கள் வால்வைப் பொருட்படுத்தவில்லை. நோயாளியின் கதியைத் தீர்மானிப்பது இதயத் தசையே என்றனர். சூட்டரோ இதனைப் பெரும்பாலும் ஓர் இயந்திரக் கோளாறாகக் கண்டார். தடை நீங்கினால் தசையின் சுமை குறையும் என்பதே அப்பார்வையின் இயல்பான முடிவு.

1925 மே 6 அன்று, லண்டன் மருத்துவமனையில் ஓர் இளம்பெண்ணின் மார்பைத் திறந்தார். துடிக்கும் இதயத்தின் இடது மேலறைக்குள் விரலை நுழைத்தார். வால்வைக் கத்தியால் வெட்ட எண்ணியிருந்தவர், ரத்தம் பின்னோக்கிக் கசிவதை விரலால் உணர்ந்ததும் அதைக் கைவிட்டார். வெட்டினால் கசிவு பெருகும். விரலாலேயே வால்வை விரித்தார். விரல் வழியை அடைத்த கணங்களில் ரத்த அழுத்தம் பூஜ்யத்துக்கு வீழ்ந்தது. இதயத் துடிப்பு மட்டும் தடைபடவில்லை. அப்பெண் பிழைத்தார், மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஆயினும், சூட்டரிடம் இரண்டாவது நோயாளியை எந்த மருத்துவரும் அனுப்பவில்லை. 1948-இல் அமெரிக்காவில் பெய்லியும் ஹார்க்கனும், லண்டனில் பிராக்கும் அதே வழியில் வெற்றி காணும்வரை 23 ஆண்டுகள் வீணாயின. அதற்குள் மாண்டவர்கள் எத்தனை பேரோ! 1949-இல் சர் பட்டம் பெற்ற சூட்டர், 1964-இல் மறைந்தார்.

தசையே முதன்மை என்ற அக்கால மருத்துவர்களின் கருத்து முற்றிலும் பிழையன்று. இதய-நுரையீரல் இயந்திரம் வந்த பின்னர், இதயத்தையே நிறுத்திவிட்டு வால்வைச் சீர்செய்ய முடிந்தது. ஆனால், ரத்தமின்றி நிற்கும் தசையைக் காப்பது பெரும் சவாலாயிற்று. 1955-இல் மெல்ரோஸ் பயன்படுத்திய பொட்டாசியம் கரைசல் தசையையே சிதைத்ததால் கைவிடப்பட்டது. செறிவைக் குறைத்து, குளிரூட்டலுடன் சேர்த்துப் பயன்படுத்தும் முறை 1970-களில்தான் நம்பகமானது.

தசையைக் காக்க வேண்டும் என்ற சரியான அக்கறை, வால்வைத் தொடாதிருக்கும் காரணமாக மாறியதே அன்றைய பிழை. தசையின் மீது அழுத்திய சுமையே அந்த வால்வுதான். உரிய காலத்தில் நோயாளியை அனுப்பி வைப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பதை, சூட்டருக்குக் கிட்டாத அந்த இரண்டாவது நோயாளி இன்றும் நினைவூட்டுகிறார்.