தண்ணீரில் நெருப்பைக் கண்ட ஹால்டேன்

1923-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு கூட்டம்.

பேச எழுந்தவருக்கு வயது 30. ஆஜானுபாகுவான உருவம். அடர்ந்த மீசை. அவர் பெயர் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

விஞ்ஞானம் எதிர்கால உலகத்தை எப்படி மாற்றும்? இதுதான் அவர் எடுத்துக்கொண்ட பொருள்.

அப்போது இங்கிலாந்தின் உயிர்நாடியே நிலக்கரிதான். ரெயில் ஓடியதும், கப்பல் போனதும், இரும்பு உருகியதும் நிலக்கரியால்தான். அது ஒரு நாள் தீர்ந்து போகுமே, அப்புறம் என்ன செய்வது என்று ஹால்டேன் கேட்டார். பதிலையும் அவரே சொன்னார்.

நாடு எங்கும் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்கும். அவை மின்சாரம் தரும். காற்று பலமாக அடிக்கும்போது மின்சாரம் மிஞ்சும். அதைத் தண்ணீரில் பாய்ச்சினால், தண்ணீர் ஹைட்ரஜனாகவும் பிராண வாயுவாகவும் பிரியும். இரண்டையும் குளிரவைத்துத் திரவமாக்கி, பெரிய தொட்டிகளில் சேமிக்கலாம். காற்று அடிக்காத நாளில் இரண்டையும் மறுபடி சேர்த்தால் சக்தி பிறக்கும். புகை கிடையாது. சாம்பல் கிடையாது.

இது நடக்க 400 ஆண்டுகள் ஆகலாம் என்பது அவர் கணக்கு.

ஆனால் 100 ஆண்டுகளுக்குள் வேலை தொடங்கிவிட்டது. அதுவும், பிற்காலத்தில் அவர் தன் சொந்த நாடாக ஏற்றுக்கொண்ட இந்தியாவிலும்!

காற்றுக்கு ஒரு குதிர்

இராமநாதபுரம் மாவட்டம் தேவிபட்டினத்தில், கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கின்றன. நவபாஷாணம் என்று மக்கள் கும்பிடுகிறார்கள். அந்தக் கற்களைச் சுற்றித் தளும்பும் தண்ணீரிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. 9 கிலோ சுத்தமான தண்ணீரைப் பிரித்தால் 1 கிலோ ஹைட்ரஜன் கிடைக்கும். பாக்கி 8 கிலோ பிராண வாயு.

ஆனால் இரண்டும் லேசில் பிரியாது. 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும்.

கடலோர மக்களுக்கு ஹால்டேனின் யோசனை சுலபமாக விளங்கும். பாய்மரம் கட்டிய காலத்தில், காற்று விழுந்துவிட்டால் படகு நகராது. நேற்று அடித்த காற்றை இன்றைக்கு எடுத்து வைக்க வழி இல்லை. நெல்லை மட்டும் குதிரில் கொட்டி வைத்து, வேண்டும்போது எடுக்கலாம். காற்றுக்கும் அப்படி ஒரு குதிர் செய்யலாம் என்றார் ஹால்டேன். அந்தக் குதிர்தான் ஹைட்ரஜன்.

சுரங்கத்தில் படித்த பாடம்

ஹால்டேன் 1892-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன், மூச்சைப் பற்றி ஆராய்ந்த பெரிய விஞ்ஞானி. நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் விஷ வாயுவால் சாவதைத் தடுக்கப் பாடுபட்டவர். விஷ வாயு இருக்கிறதா என்று அறிய, சுரங்கத்துக்குள் கூண்டுப் பறவைகளைக் கொண்டு போகச் சொன்னவர் அவர்தான்.

சிறு வயதிலேயே மகனையும் அவர் சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்றார். ஒரு நாள், ஓர் இடத்தில் நிற்க வைத்து, ஷேக்ஸ்பியர் நாடக வசனத்தை உரக்கச் சொல்லும்படி கூறினார். சிறுவன் சொல்லத் தொடங்கினான். சற்று நேரத்தில் மூச்சு வாங்கியது. கால்கள் துவண்டன. கீழே விழுந்தான்.

விழுந்ததும் மூச்சு சரியாகிவிட்டது! சுரங்க வாயு காற்றைவிட இலேசானது. அது மேலே, கூரைப் பக்கம் தங்கும். தரை ஓரத்தில் நல்ல காற்று இருக்கும். சிறுவன் அதை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

உடம்பே ஆராய்ச்சிக் கூடம்

ஆக்ஸ்போர்டில் ஹால்டேன் கணிதம் படித்தார். பிறகு கிரேக்க, லத்தீன் இலக்கியத்துக்கு மாறிப் பட்டம் பெற்றார். விஞ்ஞானத்தில் அவருக்குப் பட்டமே கிடையாது!

முதல் மகாயுத்தத்தில் சிப்பாய்களோடு நின்று போரிட்டார். 1915-ல் ஜெர்மானியர் குளோரின் என்ற விஷப்புகையை ஏவினார்கள். அதைத் தடுக்கும் முகமூடி தேவைப்பட்டது. தந்தையும் மகனும் விஷப்புகை நிரப்பிய அறைக்குள் தாங்களே புகுந்து சோதனை செய்தார்கள்.

1939 ஜூன் 1-ந் தேதி, தெட்டிஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கியது. 99 பேர் மாண்டார்கள். உள்ளே சேர்ந்த கரியமில வாயு மனிதனை என்ன செய்யும் என்று அறிய, ஹால்டேன் அடைத்த இரும்பு அறைக்குள் மணிக்கணக்கில் உட்கார்ந்தார். தலைவலி, வாந்தி எதையும் அவர் பொருட்படுத்தவில்லை.

உயிரினங்களின் பரம்பரைக் குணங்களைக் கணக்குப் போட்டு விளக்கியதால் அவர் புகழ் உலகம் எங்கும் பரவியது.

அவர் எண்ணிப் பாராதது

நிலக்கரி தீர்ந்து போகுமே என்றுதான் ஹால்டேன் கவலைப்பட்டார். ஆனால் நிலக்கரி தீரவில்லை. அதை எரிப்பதால் வரும் கரியமில வாயுதான் இன்று பெரிய கவலை. தந்தையும் மகனும் ஆராய்ந்த அதே வாயு!

அவர் பேசிய காலத்தில், 10 லட்சம் பங்கு காற்றில் சுமார் 305 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று அது 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த அளவு மூச்சை அடைக்காது. ஆனால் போர்வையைப் போல மூடி, பூமியின் சூட்டை வெளியே போகவிடாமல் தடுக்கும்.

வீட்டு விளக்கைச் சூரிய சக்தியால் எரிக்கலாம். ஆனால் இரும்பு ஆலையை மாற்றுவது கடினம். இரும்புத் தாதுவில் பிராண வாயு ஒட்டிக்கொண்டு இருக்கும். அதை நிலக்கரியின் கரி இழுத்துக்கொள்ளும்போது கரியமில வாயு பிறக்கிறது. கரிக்குப் பதில் ஹைட்ரஜனை விட்டால், பிறப்பது வெறும் தண்ணீர் ஆவி! சுவீடன் நாட்டில் இந்த முறையில் செய்த உருக்கு 2021-ல் வெளிவந்தது.

உரத்துக்கு வேண்டிய அமோனியாவுக்கும் ஹைட்ரஜன்தான் ஆதாரம். இன்று அதைப் பெரும்பாலும் இயற்கை வாயுவில் இருந்து எடுக்கிறார்கள். அப்போதும் கரியமில வாயு வெளியேறுகிறது.

உடனே மாற முடியாத ஆலைகளுக்கு வேறொரு வழி, புகையில் இருந்தே அந்த வாயுவைப் பிடிப்பது. தூத்துக்குடியில் சோடா உப்பு செய்யும் ஆலை ஒன்று 2016-ல் இதைத் தொடங்கியது. கொதிகலன் புகையை ரசாயனக் கரைசலில் விடுவார்கள். கரைசல் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். கரைசலைச் சூடாக்கினால் வாயு தனியே வரும். அது சோடா உப்பு செய்யப் பயன்படும். ஆண்டுக்கு 60 ஆயிரம் டன் பிடிக்கும்படி அதை அமைத்தார்கள்.

அதே தூத்துக்குடியில், வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில், 2025 செப்டம்பரில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் சிறு நிலையம் திறக்கப்பட்டது. மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன் தரக்கூடியது அது. இந்திய அரசாங்கமோ, 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் எடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் ரூ.19,744 கோடித் திட்டம் வகுத்தது.

தடங்கல்களும் உண்டு. இப்படி எடுக்கும் ஹைட்ரஜனுக்கு விலை அதிகம். தொடக்கச் செலவு பெரிதாக இருக்கும் என்று ஹால்டேனே எச்சரித்திருந்தார். இன்னொன்று, தண்ணீர். இராமநாதபுரம் போன்ற வறண்ட சீமையில் குடிதண்ணீரில் கை வைக்க முடியாது. கடல் நீரின் உப்பை முதலில் நீக்கியாக வேண்டும். அதற்கும் மின்சாரம் வேண்டும்.

வேட்டி கட்டிய விஞ்ஞானி

முதல் மகாயுத்தத்தின்போது காயம்பட்ட ஹால்டேன், உடல் தேற இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அன்றே இந்த நாடு அவருக்குப் பிடித்துவிட்டது.

1956-ல் சூயஸ் கால்வாய்க்காக எகிப்து மீது பிரிட்டன் படை எடுத்தது. ஹால்டேன் கொதித்தார். அடுத்த ஆண்டே மனைவி ஹெலனுடன் கல்கத்தாவுக்குக் குடிவந்தார். அங்கே இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றினார்.

வேட்டியும் ஜிப்பாவும் அணிந்தார். மாமிசத்தை விட்டார். அறுபது ஆண்டு காலுறை மாட்டியது போதும் என்று வேடிக்கையாக எழுதினார். இந்தியப் பிரஜையாகவும் ஆனார். பிறகு புவனேசுவரத்தில் ஆராய்ச்சிக் கூடம் அமைத்து, இளைஞர்களைப் பயிற்றுவித்தார்.

புற்றுநோய் அவரைப் பற்றியது. 1964 டிசம்பர் 1-ந் தேதி, புவனேசுவரத்தில் காலமானார்.

வாழ்நாள் முழுவதும் தன் உடம்பையே சோதனைக்குக் கொடுத்தவர், இறந்த பிறகும் அதைக் கொடுத்துவிட்டார். அவர் விருப்பப்படி, அவரது உடல் ஆந்திராவில் காக்கிநாடாவில் உள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது.

அதே காக்கிநாடாவில், காற்றாலை, சூரிய ஒளி மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து, ஆண்டுக்கு 10 லட்சம் டன் அமோனியா செய்யும் ஆலை ஒன்று இப்போது திட்டமிடப்பட்டிருக்கிறது. ஹால்டேன் உடல் கடைசியாகப் போன ஊருக்கே, அவர் யோசனையும் போய்ச் சேர்கிறது.