கழனிக்கும் கடலுக்கும் வழிகண்டவர்: சர் பிரெடரிக் நிக்கல்சன்

செந்துறையில் பிறந்த எனக்குக் கடலோடு என்ன உறவு என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். எங்கள் ஊர் முந்திரியும் நிலக்கடலையும் விளையும் மேட்டுநிலம். ஆயினும், எங்கள் ஊரார் நன்கறிந்த கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும், நம் மாநிலத்து மீன்துறைக்கும் வித்திட்டவர் ஒருவரே என்று அறிந்தபோது வியந்து போனேன். அவரே சர் பிரெடரிக் நிக்கல்சன்.

1846ஆம் ஆண்டு பிறந்த நிக்கல்சன், ஐ.சி.எஸ். அதிகாரியாகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். கோயமுத்தூர் மாவட்டத்தின் விவர நூலை எழுதினார். வட்டிக் கடனில் மூழ்கிய உழவருக்கு விடிவு எது என ஆராயும் பணியை அரசு அவரிடம் ஒப்படைத்தது. ஜெர்மனியில் ரைபைசன் என்பார் சிற்றூர் மக்களை ஒன்றுகூட்டி அமைத்த கடன் சங்கங்களே நமக்கும் ஏற்றவை என்று 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த தம் அறிக்கையில் அவர் முடிவு கூறினார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது.

பணி ஓய்வுக்குப் பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1905இல் மாகாணத்தின் மீன்வளத்தை ஆராயும் பொறுப்பை ஏற்றார். ஜப்பானின் மீன்பிடித் தொழிலை நேரில் கண்டுவந்து எழுதினார். 1907இல் சென்னை மாகாண மீன்துறை உருவாயிற்று. மலபார்க் கரையில் மத்தி மீனை மணலில் பரப்பி எருவாக்குவது வழக்கம். அதை வேகவைத்துப் பிழிந்தால் எண்ணெயும் கிடைக்கும், நல்ல எருவும் கிடைக்கும் என்று அவர் செய்து காட்டினார். சிறு முதலில் நடத்தக்கூடிய தொழிலாகையால் அது கரையெங்கும் பரவியது.

நீராவி இழுவைக் கப்பல்களை உடனே இறக்கினால் என்ன என்ற கேள்வி அன்றே எழுந்தது. கட்டுமரத்திலிருந்து ஒரே தாவலில் கப்பலுக்குப் போக முடியாது. நல்ல படகு, நல்ல வலை, பதப்படுத்தும் முறை, பயிற்சி எனப் படிப்படியாகவே ஏற வேண்டும் என்பது அவர் கருத்து. 1918இல் அவர் விலக, ஜேம்ஸ் ஹார்னெல் அப்பொறுப்புக்கு வந்தார். 1936இல் நிக்கல்சன் மறைந்தார்.

கப்பல்கள் வராமலில்லை. 1920களில் இலங்கையின் ‘லில்லா’வும், சென்னை அரசின் ‘லேடி கோஷன்’ கப்பலும் கடலடியை ஆராய்ந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ‘மேப்பிள் லீப்’, ‘பிராகன்கிளென்’ போன்ற இலங்கை அரசுக் கப்பல்கள், கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் பாங்க் என்னும் மீன்வளத் திட்டில் வலையிழுத்துக் கொழும்புக்கு மீன் கொண்டு சென்றன. அத்தொழிலும் நிலைக்கவில்லை. 1976 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அத்திட்டு இந்தியாவின் உரிமையாயிற்று. உரிமம் பெற்ற 6 கப்பல்கள், ஆண்டுக்கு 2,000 டன் மீன், மூன்றே ஆண்டுகள் என்று வரம்பு விதிக்கப்பட்டது. 1980உடன் அத்தவணை தீர்ந்தது. அரசு கொடுத்த கப்பல். அரசுகள் கையெழுத்திட்டதும் தொழில் போயிற்று.

நம் கரையிலோ வேறு விதம். விசைப்படகுகள் பெருகின, நாட்டுப்படகு மீனவரோடு பூசல் மூண்டது. 1983இல் சட்டமியற்றி, கரையிலிருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை விதிக்க வேண்டியதாயிற்று.

படிப்படியாக என்பது ஏழையை இருந்த இடத்திலேயே இருத்தி வைக்கும் சொல் அல்லவா என்று முதலில் எனக்குச் சினமே வந்தது. பிறகு என் வீட்டை எண்ணிப் பார்த்தேன். தாத்தா கைநாட்டு. அப்பா ஐந்தாம் வகுப்பு. கூட்டுறவுச் சங்கத்தில் விதைக்கடலைக்குக் கடன் வாங்கி, அதைத் தீர்த்து, மீண்டும் வாங்கியே என்னைப் படிக்க வைத்தார். நானும் ஒரே தாவலில் இக்கல்லூரிக்கு வந்தவனல்லன். படிகளை மெல்ல ஏறலாம். ஆனால் அடுத்த படியை யாரேனும் கட்டி வைத்திருக்க வேண்டும். நிக்கல்சன் பெருமகனார் தம் வாழ்நாளில் செய்தது அந்தக் கட்டட வேலையே. கடற்கரையில் அது இன்னும் முடியவில்லை.