ஹெதுவாக் குளக்கரைப் போதகர்

கொல்கத்தாவில் பயிலும் நம்மை எந்த ஊர் என்று கேளாதார் இலர். பிறப்புத்தான் உறவுக்கு அளவுகோலா? கிருஷ்ண மோகன் பானர்ஜியின் வாழ்வை ஆராயுங்கால் இக்கேள்வி என்முன் எழுந்தது.

1813-இல் இந்நகரில் அந்தணர் குடியிற் பிறந்தார். இந்துக் கல்லூரியில் பயின்று டெரோசியோவின் தோழர் குழுவிற் சேர்ந்தார். 1831-இல் அவரில்லாத வேளையில் நண்பர்கள் அண்டை வீட்டில் மாட்டிறைச்சியை எறிந்தனர். பழி அவர்மீது விழுந்தது, இல்லத்தை இழந்தார். மறு ஆண்டே கிறித்தவரானார். 1839 முதல் ஹெதுவாக் குளக்கரைக் கோயிலில் போதகராய் இருந்தார்.

விவிலியம் கூறும் இஸ்ரவேல் யார்? யாக்கோபின் வழிவந்த யூதரே என்பர் கிறித்தவருள் ஒருசாரார். திருச்சபையே புதிய இஸ்ரவேல் என்பர் மறுசாரார். அவ்வாறாயின், இந்தியக் கிறித்தவன் தன் முன்னோரைத் துறந்துதான் உள்ளே நுழைய வேண்டுமா? இல்லை என்றார் பானர்ஜி. 1875-இல் ஆரியரின் சாட்சி என்னும் பொருள்படும் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். விவிலிய வரலாற்றுக்கு வேதங்களும் சான்று என வாதிட்டார். பிரஜாபதியின் தற்பலி கிறித்துவின் பலியைக் குறிப்பதாகக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. 1885-இல் மறைந்தார்.

அறிவியல் மாணவனாகிய எனக்கு அவர் காட்டும் ஒப்புமைகள் போதிய சான்றாகத் தோன்றவில்லை. மேலும், அவர் திறந்த வாயில் ஆரியருக்கு உரியது. தமிழன் எங்கே நிற்பது? வீட்டை இழந்த அப்பெரியார் முன்னோரைக் கைவிடவில்லை, அதனை வணங்குகிறேன். ஆனால், குலத்தை அளவுகோலாகக் கொண்டால், எவரேனும் ஒருவர் வாயிற்புறத்தே நிற்கவே நேரும்.